வலக்கை போனதற்கு, இடக்கை திரும்பியதற்கு

சில வாரங்களுக்கு முன் எங்கள் பழைய காரியாலயத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் கண்டியில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே நாங்கள் பருந்து எண்ணிய மலைமுகட்டில் கமரா பொருத்தப் போகிறார்களாம். அது தானாகவே வானத்தைப் பார்க்குமாம், தானாகவே எண்ணுமாம். "நல்லது, அதை அட்டை கடிக்காது" என்றேன். சிரித்தார்கள். பிறகு, வந்த விஷயத்தைக் கேட்டார்கள். நாங்கள் எண்ணிய சில நாள்களின் கூட்டுத்தொகைக்கு முன்னால் கழித்தல் அடையாளம் இருக்கிறதே, பறவை எண்ணிக்கை எப்படிப் பூச்சியத்துக்குக் கீழே போகும்?

சொல்லத் தொடங்கினேன். தேநீர் ஆறியது, அவர்களுடைய கடைசி பஸ்ஸுக்கு நேரமானது, நான் இன்னும் முகட்டுக்கு ஏறி முடிக்கவில்லை. "எழுதித் தாங்க ஐயா, எங்க சஞ்சிகையில போடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இது அதுதான்.

நான் எதையும் எண்ணுகிறவன். பஸ்ஸில் நிற்கிறவர்களை எண்ணுவேன். மனைவி எண்ணிவைத்த மாத்திரைகளை மறுபடி எண்ணுவேன். மகள் இதை வியாதி என்கிறாள். இந்த வியாதிக்கு அரசாங்கம் எனக்கு ஓய்வூதியம் தருகிறது என்று நான் அவளுக்கு நினைவூட்டுவேன். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டியில் உயர்தரம் வரை படித்து, கள உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகள் கரையோரக் களப்புகளில் வாத்து எண்ணினேன். வாத்து தண்ணீரில் இருக்கும், பத்துப் பத்தாக அள்ளி எண்ணலாம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலைக்கு மாற்றிய பிறகுதான் எண்ணுவது எவ்வளவு கவலை தரும் வேலை என்று தெரிந்தது.

மாரிகாலத்தில் வடக்கிலிருந்து இங்கே வந்து தங்கும் பருந்துகள் பங்குனி பிறந்ததும் திரும்பிப் போகத் தொடங்கும். பெரும்பாலானவை தேன்பருந்துகள், இடையிடையே பூனைப்பருந்துகள். இவ்வளவு பெரிய உடம்பைச் சிறகடித்து இந்தியா வரை கொண்டுபோக முடியாது. காலையில் வெயில் மலைச்சரிவைச் சுடவைக்கும்போது சூடான காற்று மேலே எழும். அதில் ஏறி, சிறகை விரித்து, சுற்றிச் சுற்றி உயர்ந்து, போதுமான உயரம் கிடைத்ததும் வடக்கே சறுக்கிக்கொண்டு போகும். எங்கள் முகடு அப்படியொரு ஏணி.

அங்கே என் மேலதிகாரி கௌரி மேடம். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பார். நான் கவலைப்படுகிற விஷயங்களான மழை, அட்டை, தொலைநோக்கியின் கண்ணாடியில் பூஞ்சணம், என் இரத்த அழுத்தம், எல்லாவற்றுக்கும் அதே "பாப்பம்"தான். பாணும் சம்பலும் சாப்பிடும்போதுகூடக் கண் வானத்தைவிட்டு இறங்காது.

முதல் நாள் ஒரு கூட்டம் சுழன்று ஏறுவதைப் பார்த்ததும் நான் பரபரப்பாக எண்ணத் தொடங்கினேன். அவர் என் கையிலிருந்த எண்ணும் கருவியை மெதுவாகத் தன் விரலால் மூடினார்.

"சுத்துறதை எண்ணாதேங்கோ, செல்லையா அண்ணை. போறதை எண்ணுங்கோ."

சுழலில் இருப்பதை எண்ணினால் ஒரே பறவையை நாலு தடவை எண்ணுவோம். அதனால் ஒரு கோடு வைத்திருந்தார். நாங்கள் உட்காரும் பெரிய பாறையிலிருந்து எதிர்ப்பக்க மலைத்தோளில் இருக்கும் தோட்டத்து முனியாண்டி கோயில் கொடி வரை கண்ணால் இழுத்த கோடு. அதைத் தாண்டி வடக்கே போனால் வலக்கைக் கருவியில் ஒரு அழுத்தம். தாண்டியது மனம் மாறித் தெற்கே திரும்பி வந்தால் இடக்கைக் கருவியில் ஒரு அழுத்தம். பொழுது சாய்ந்ததும் வலத்திலிருந்து இடத்தைக் கழிக்க வேண்டும். நேற்றுப் போனவை இன்று காற்றுக்குப் பயந்து திரும்பினால் இன்றைய கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போகும். போகட்டும், அப்படியே எழுத வேண்டும். தம்பிகள் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் தனித்தனியாக எண்ணினோம். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. மணிக்கு ஒருமுறை தாள்களை மாற்றிப் பார்ப்போம். ஒருநாள் எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு முப்பத்தெட்டு. நடுவில் ஒன்றை எழுதலாமா என்று கேட்டேன்.

"ரெண்டையும் எழுதுங்கோ. நடுவில இருக்கிறதைக் கடவுள் எண்ணட்டும்."

எங்கள் பாறைக்குக் கீழால் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களுக்கு நாங்கள் தினசரிப் பொழுதுபோக்கு. அவர்களில் லெட்சுமிக்கு வாய் கூடுதல்.

"ஐயா, இன்னைக்கு எத்தன பருந்துங்க?"

"மைனஸ் மூணு."

"அடேயப்பா! அப்ப மூணு பருந்து கடன்ல இருக்கீங்க. பெரிய தொரைக்குத் தெரியுமா?"

அந்தப் பெண்கள் திருப்பம் தாண்டி மறையும் வரை சிரிப்புக் கேட்கும்.

இனி ரிஸ்வானின் கதை. நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆண்டு அது.

அந்தப் பருவம் தொடங்கும்போது எங்களுக்கு ஒரு கூடுதல் வேலை வந்தது. திகனயைச் சேர்ந்த ஒருவர் இந்த முகட்டிலிருந்து பாராகிளைடிங் பறக்கவும், சுற்றுலா வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு பறக்கவும் அனுமதி கேட்டிருந்தார். அதனால் பருந்துகளுக்குத் தொந்தரவு உண்டா என்று நாங்கள் எண்ணிச் சொல்ல வேண்டும். எங்கள் பதிலைப் பொறுத்துத்தான் அனுமதி.

பணக்கார வீட்டுப் பிள்ளை யாரோ விளையாட வருகிறான் என்று நினைத்தேன். வந்தவரோ தன் உயரத்துக்குப் பாதியிருக்கும் மூட்டையைத் தானே முதுகில் சுமந்து ஏறி வந்தார். முப்பது வயதிருக்கும். வாப்பாவுக்குத் திகனயில் சிறிய இரும்புக்கடை. இவர் எட்டு வருடம் வளைகுடாவில் வேலை செய்து, அங்கே ஒரு பறக்கும் கழகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, கடைசியில் பறக்கக் கற்றுத் தேர்ச்சிப் பத்திரமும் வாங்கியிருந்தார். மகள் பிறந்த பிறகு இப்போதுதான் லீவில் வந்தவர். அவர் பேச்சில் 'சொல்ல' என்பது 'செல்ல', 'இருக்க' என்பது 'ஈக்க'.

"லீவு நோன்புப் பெருநாளோட முடியிது சேர். அதுக்குள்ள கம்பனிக்குப் பதில் செல்லணும். பெர்மிட் கிடைச்சா நான் இங்கயே ஈப்பேன். இல்லாட்டி திரும்பப் போகணும். மகளுக்கு இப்ப ஏழு மாசம். அடுத்த லீவுக்கு வாற நேரம் அவ என்னைப் பாத்துக் கதவுக்குப் பின்னால ஒளிவா."

அவர் இதைக் கெஞ்சுவதுபோலச் சொல்லவில்லை. ஆனாலும் நான் இதைக் கேட்டிருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. கேட்ட பிறகு கை ஒழுங்காக எண்ணுமா?

மேடம் பிளாஸ்கைத் திறந்து அவருக்கு ஒரு பிளேன்டி ஊற்றினார்.

"நோன்பு, மேடம்."

மேடம் தேநீரைத் திரும்பப் பிளாஸ்கிலேயே ஊற்றினார். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து அவர் தேநீர் குடிப்பதானால் பாறைக்குப் பின்னால் போய்த்தான். நானும் பின்னால் போய்த்தான். இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்கள் பள்ளிப் பிள்ளைகள் போல ஒளிந்து தேநீர் குடிப்பதை லெட்சுமி பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் வீட்டுல சம்மதமில்லாம கல்யாணம் கட்டிக்கிட்ட மாதிரி ஏன் இப்படி ஒளியிறீங்க?" என்று கேட்டதை இங்கே எழுதாமல் விட மனமில்லை.

அனுமதி இல்லாததால் ரிஸ்வான் பறக்கவில்லை. முகட்டுப் புல்லில் தன் செம்மஞ்சள் நிறச் சிறகை விரித்து, காற்றில் தூக்கி நிறுத்தி, மறுபடி படுக்க வைத்துப் பயிற்சி செய்வார். தோட்டத்து ஆள்கள் அதைக் குடை என்றார்கள். "குடை இல்ல, பரசூட்டும் இல்ல, கிளைடர்" என்று ஒரு வாரம் திருத்திவிட்டு, பிறகு அவரும் குடை என்றே சொல்லத் தொடங்கினார்.

அந்த வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போனது. இரண்டு நாளும் குடை விரித்த நாள். எனக்குச் சந்தேகமே இல்லை.

"அந்தத் துணிதான் மேடம்."

"காத்தும் மாறினது, அண்ணை."

"துணிதான்."

"அப்பிடி நினைச்சுக்கொண்டு எண்ணினா உங்கட இடக்கை தன்ரபாட்டில அமத்தும். பாப்பம்."

அன்றிரவு அவர் யோசித்து வைத்த ஏற்பாட்டை மறுநாள் சொன்னார். நாங்கள் இருவரும் பாறைக்கு மறுபக்கம் போய் உட்கார வேண்டும். அங்கிருந்து கோடும் வானமும் தெரியும், ரிஸ்வானும் குடையும் தெரியாது. மணிக்கு ஒருமுறை வேறொருவர் நாணயம் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் அந்த மணி முழுக்க ரிஸ்வான் குடையைத் தூக்கி இறக்க வேண்டும். பூ விழுந்தால் அதைச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார வேண்டும். எந்த மணியில் என்ன விழுந்தது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. வாரக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நாணயம் சுண்டுவதற்குத் தோட்ட நிருவாகத்திடம் கேட்டு லெட்சுமியை எடுத்தோம். அவளுக்கு அது பெரிய பதவி. "தலைன்னா தூக்கு, பூன்னா படு!" என்று அவள் உத்தரவு போடுவது பாறையைத் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் மேடம் காதைப் பொத்திக்கொண்டு, "லெட்சுமி, சத்தம் போடாதேங்கோ, எங்களுக்குக் கேக்கக் கூடாது" என்று கெஞ்சுவார். மேடம் ஒருவரிடம் கெஞ்சி நான் பார்த்தது அதுதான். பிறகு அவள் கைச்சாடைக்கு மாறினாள்.

ரிஸ்வான் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளத் தேவையே இல்லை. பருந்து திரும்பினால் கெடுவது அவர் பிழைப்பு. தலை விழும் மணிகளில் காற்றுப் போதவில்லை என்று சொல்லிக் குடையைத் தூக்காமலே இருந்திருக்கலாம். தண்ணீர்கூடக் குடிக்காமல், பங்குனி வெயிலில், அவர் தூக்கினார் என்று லெட்சுமி பிற்பாடு சொன்னாள். நடுவில் ஒருமுறை தலைசுற்றிப் புல்லில் உட்கார்ந்துவிட்டாராம். "எந்திரிக்காதீங்க தம்பின்னேன். தலை விழுந்திருக்கே அக்கான்னு எந்திரிச்சாருங்க."

ஐந்தாம் நாள் மாலை. கருவிகளைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டிருந்தேன். ரிஸ்வான் பாறையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"மேடம், நீங்க எண்ணினது எனக்குத் தெரியா. ஆனா குடையையும் பருந்தையும் சேத்துப் பாத்தது நான் மட்டும்தான். நான் குடையத் தூக்கினா அதுகள் திரும்புது. எல்லாம் இல்ல. தாழ வாறது திரும்புது."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் தொலைநோக்கியை உறையில் போட்டு, வாரை இறுக்கினார்.

"இதை நீங்க சொல்லியிருக்கத் தேவையில்லை, தம்பி."

"நாளைக்கு எப்படியும் தெரியும்தானே."

"தெரியாமலும் போகலாம். ஐஞ்சு நாள் கணக்குச் சின்னக் கணக்கு."

"அப்ப நான் செல்லாம ஈந்தா, எனக்குத் தெரிஞ்சுகொண்டே பறக்கணும். ஏலா மேடம்."

மறுநாள் தாள்களைப் பக்கத்தில் வைத்தோம். அவர் சொன்னது சரி. இடக்கை எண்ணிக்கையில் பெரும்பகுதி தலை விழுந்த மணிகளில் இருந்தது. நான் சரியாகச் சந்தேகப்பட்டிருந்தேன். ஆனால் அதில் ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. பெருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. ரிஸ்வான் குடையை மூட்டையாகக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கம்பனிக்கு என்ன எழுதுவது என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தார் போல.

மேடம் எழுந்து முகட்டின் விளிம்புக்குப் போனார். கீழே மலையின் தோளில், தேயிலையைக் கைவிட்டுப் புல் மண்டிய ஒரு சரிவு இருந்தது. அதையே நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, மேல இருந்துதான் பறக்கவேணுமே?"

ரிஸ்வான் எழுந்து போய் எட்டிப் பார்த்தார். "அங்கயிருந்தும் ஏலும். காத்து நேரா வருது. ஆனா இறக்கம் சின்னது. நாலு நிமிசத்துல கீழ போயிடுவோம், மேல ஏறக் கிடைக்காட்டி."

"நாலு நிமிசம் பறக்கிறதுக்கு ஆக்கள் வருவினமே?"

"பயந்த ஆக்கள் வருவாங்க மேடம்," என்று அவர் சொன்னார். முதல் தடவையாகச் சிரித்தார். "பயந்த ஆக்கள்தான் கூட."

எனக்குக் கோபம்தான் வந்தது. விண்ணப்பத்தில் முகடு என்று இருக்கிறது, நாங்கள் முகட்டுக்குப் பதில் சொன்னால் போதும், மீதியை ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மேடத்திடம் தனியாகக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"பருந்துக்கு வழி வேணும். அதைப் பாக்கிறதுதான் எங்கட வேலை, ஓம். அவருக்கு வழி இருக்கக் கூடாதெண்டு எங்களுக்கு ஆரும் சொல்லேல்லையே அண்ணை."

மீதமிருந்த நாள்களில் அதே நாணயம், அதே லெட்சுமி, அதே ஏற்பாடு. குடை மட்டும் கீழ்த் தோளில். இந்தத் தடவை தாள்களைப் பக்கத்தில் வைத்தபோது தலைக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு நம்பிக்கை வராமல் மூன்று தடவை கூட்டினேன். மேடம் இரண்டு முடிவையும் உள்ளபடி எழுதினார். முகட்டிலிருந்து கூடாது. தோளிலிருந்து பறக்கலாம், ஆனால் பறந்தபடி மேலே ஏறினால் பருந்து ஏறும் காற்றுக்குள்தான் போக வேண்டியிருக்கும், ஆகவே பருந்து திரும்பும் இந்தச் சில வாரங்களில் கூட்டம் கடக்கும்போது யாரும் கிளம்பக் கூடாது. மேலே எண்ணுகிறவர் தொலைபேசியில் சொன்ன பிறகே கிளம்பலாம்.

பெருநாளுக்கு முதல் நாள் அனுமதி வந்தது. அன்று மாலை நோன்பு திறந்த கையோடு ரிஸ்வான் எனக்கு அழைத்தார். கம்பனிக்குப் பதில் எழுதிவிட்டாராம். பின்னால் குழந்தை ஒன்று எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

அடுத்த பருவம் என் கடைசிப் பருவம். மேடம் அந்த வாரம் கொழும்பில் கூட்டமொன்றில் இருந்தார். முகட்டில் நான் தனியே இருந்தேன். சித்திரை நெருங்கிவிட்டதால் மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை வரும் காலம். எனக்கு வழக்கம்போலக் குடையைப் பற்றிக் கவலை, மழைக்குப் பிடிக்கிற குடையைப் பற்றி. அதை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

சனிக்கிழமை. கீழ்த் தோளில் ரிஸ்வானும், அவர் சேர்த்துக்கொண்ட இரண்டு பறப்பாளர்களும், வாரெல்லாம் பூட்டித் தயாராக நின்ற ஒன்பது வாடிக்கையாளரும். குருநாகலிலிருந்து வந்த ஒரு குடும்பம், வெளிநாட்டுக்காரர் சிலர். பதினொரு மணியளவில் தெற்கே பெரிய கூட்டமொன்று எழுந்தது. தொலைபேசியில் சொன்னேன். கீழே குடைகள் படுத்தன. வலக்கை அழுத்தத் தொடங்கியது. அறுபத்திரண்டு தேன்பருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின.

பிறகு வானம் வெறுமையாயிற்று, ஒன்றைத் தவிர.

அது தாழப் பறந்தது. இடது சிறகில் இரண்டு இறகுகள் இல்லாத இடைவெளி தெரிந்தது. கோடு வரை வந்தது, தாண்டியது. வலக்கை. காற்று அதைத் தள்ளித் திருப்பியது. இடக்கை. சரிவின்மேல் சுற்றி, கொஞ்சம் ஏறி, மறுபடி வந்தது. தாண்டியது, திரும்பியது. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் அரை மணிநேரம் போனால் அன்றைக்கு யாரும் பறக்க முடியாது.

தொலைபேசி அடித்தது.

"சேர், மழை கட்டுது. இன்னும் எத்தன ஈக்கிது?"

"ஒண்ணு."

மறுபுறம் குருநாகல்காரர் சிங்களத்தில் ஏதோ சலித்துக்கொள்வது கேட்டது. ரிஸ்வான் கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றுதானே சேர், அது எப்படியும் திரும்பிக்கொண்டுதானே இருக்கிறது என்று அவர் கேட்கக்கூடும். அனுமதியில் எழுதியிருந்தது கூட்டம் என்றுதான். ஒன்று கூட்டமா?

அவர் கேட்கவில்லை. "சரி சேர்" என்றார். இணைப்பைத் துண்டிக்காமல், அந்த ஆள்களிடம் சிங்களத்தில் அந்தப் பருந்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. தொலைநோக்கியைக் கீழே திருப்பிப் பார்த்தேன். வார் பூட்டிய பன்னிரண்டு பேரும் தலையை அண்ணாந்து நின்றார்கள். சலித்துக்கொண்ட மனிதர் தன் சின்ன மகனைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்.

அது மூன்றாவது தடவை சரிவின் ஓரமாகக் கொஞ்சம் தள்ளிப் போய், வெயில் இன்னும் மிஞ்சியிருந்த ஒரு பாறைமேட்டின் மேலே சுற்றத் தொடங்கியது. ஏறியது. ஏறிக்கொண்டேயிருந்தது. இப்போது அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு சிறகை ஒடுக்கி, கோயில் கொடிக்கு வெகு உயரத்தில், நேரே வடக்கே போனது. நான் வலக்கையை அழுத்திவிட்டு, இடக்கையில் விரலை வைத்தபடி காத்திருந்தேன். அது திரும்பவில்லை.

"போயிருச்சு. நீங்க போங்க."

கீழே கைதட்டினார்கள்.

மேகம் மூடுவதற்குள் மூன்று குடைகள் மட்டும் எழும்பின. மீதி ஆறு பேரை ரிஸ்வான் ஞாயிற்றுக்கிழமைக்கு வரச்சொல்லி அனுப்பினார். முதல் துளி விழும்போது அவர் முகட்டுக்கு ஏறி வந்து, தன் மழைச்சட்டையை என் தோளில் போட்டார். நான் கருவிகளை உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். வடக்கே மாத்தளைப் பக்கம் வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தது.

"சேர், அந்தக் கடைசி ஆள் இப்ப எவ்வளவு தூரம் போயிருப்பான்?"

கண்ணுக்குத் தெரியாததை நான் சொல்வதில்லை. முப்பத்தைந்து வருடத்தில் சொன்னதில்லை.

"மாத்தளை தாண்டியிருக்கும்" என்றேன்.